‘ஊதென்ஸ்’ காட்டும் ஒலித்திரிபும் ‘இடையண்ணமாதல்’ என்னும் சொல்லும்

அன்புடையீர்,

லாத்விய மொழியில் நீரைக் குறிக்கும் ‘ஊதென்ஸ்’ என்னும் சொல்லில், பன்மையில் னகரம் ஞகரமாக மாறும் ஒலித்திரிபுக்கு ‘மென்மையாதல்’ என்று பெயரிடலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

இச்சொல் லித்துவானியத்தின் ‘வந்துவோ’, கிரேக்கத்தின் ‘ஹுதோர்’, வடமொழியின் ‘உதன்’ ஆகியவற்றுக்கு உறவானது. நாம் கடன்கொண்ட ‘உதகம்’ என்பதும் அக்குடும்பத்ததே. இவையனைத்தும் கிளைத்த மூல மொழியில் எழுவாய் ரகர ஈற்றையும் பிற வேற்றுமைகள் னகரத்தையும் பெற்றிருந்தன. அக்குடும்பத்தின் பழைய மொழியான ஹிட்டைட்டில் எழுவாய் ‘வாதர்’ எனவும் ஆறாம் வேற்றுமை ‘விதெனஸ்’ எனவும் வருவது அதற்குச் சான்று. லாத்வியம் னகரத்தையே எங்கும் பரப்பிக்கொண்டது.

ஒருமையில் எழுவாயும் ஆறாம் வேற்றுமையும் ‘ஊதென்ஸ்’ என ஒரே வடிவில் நிற்க, நான்காவது ‘ஊதெனிம்’ எனவும் இரண்டாவது ‘ஊதெனி’ எனவும் இடப்பொருள் ‘ஊதெனீ’ எனவும் அமையும். பன்மையிலோ னகரம் ஞகரமாகி ‘ஊதெஞி’, ‘ஊதெஞு’, ‘ஊதெஞியெம்’ என வரும். பன்மை ஈறுகள், முற்காலத்தில் யகரத்தோடு கூடிய பெயர்வகையைப் பின்பற்றியவை. அந்த யகரம் னகரத்தோடு கலந்து மறைந்ததே இதன் காரணம். நீர்வீழ்ச்சியைக் குறிக்கும் ‘ஊதென்ஸ்க்ரிதும்ஸ்’ என்னும் தொகையில் ஒருமை வடிவமும், நீரைப் பிறப்பிப்பது என்னும் பொருளில் ஹைட்ரஜனைக் குறிக்கும் ‘ஊதெஞ்ரதிஸ்’ என்னும் சொல்லில் ஞகர வடிவமும் இருப்பதைக் காண்க.

லாத்விய இலக்கணத்தார் இத்தகைய மெய்களை ‘மென்மையாக்கப்பட்டவை’ என்கின்றனர். தமிழிலோ னகரம் ஏற்கெனவே மெல்லினம். மெல்லினம் மென்மையானது என்றால் மாணவர் என்ன விளங்கிக்கொள்வார்? ‘யகரமயமாதல்’ என்பது காரணத்தைச் சொல்லுமேயன்றி விளைவைச் சொல்லாது. மேல்வாயாகிய அண்ணத்தைச் சுட்டும் ‘அண்ணமாதல்’ நெருங்கி வருகிறது. எனினும் ககரம், சகரம், டகரம் மூன்றும் அண்ணத்தில் பிறப்பவையே. தொல்காப்பியம் சகர ஞகரங்களுக்கு மட்டும் ‘இடைநா அண்ணம்’, அதாவது நாவின் நடுப்பகுதி அண்ணத்தைப் பொருந்தும் இடம், என்று பிறப்பிடம் வகுக்கிறது. ஆகவே ‘இடையண்ணமாதல்’ என்பதை முன்மொழிகிறேன். நம் பேச்சில் ‘ஐந்து’ என்பது ‘அஞ்சு’ ஆவதும், ‘வைத்தான்’ என்பது ‘வச்சான்’ ஆவதும் இதே பெயருக்குள் அடங்கும்.

‘குல்பிஸ்’ என்னும் அன்னப்பறவையின் பெயர் பன்மையில் ‘குல்ப்யி’ ஆவதை இதில் சேர்க்க வேண்டாம். இதழில் பிறக்கும் மெய் அங்கே மாறவில்லை, பழைய யகரம் கெடாமல் நிற்கிறது.