மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் அம்மாவை இடித்த மின் ஸ்கூட்டர்: உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்

புளியந்தீவு

என் அம்மாவுக்கு 74 வயது. மாலை ஐந்தரைக்குக் காந்தி பூங்காவுக்குப் போய், வாவிக் கரையோரம் நான்கு சுற்று நடந்து, காந்தி சிலைக்குப் பக்கத்தில் சற்றுக் காற்று வாங்கிவிட்டு வருவது அவருடைய பல வருடப் பழக்கம். நீரிழிவுக்காகத் தொடங்கிய நடை, பிறகு அவருக்குக் கிடைக்கும் ஒரே வெளியுலகமாகிவிட்டது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். மூன்றாவது சுற்றில் கச்சான் வாங்குவதற்காகப் பின்தங்கினேன். அந்த இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நின்றபடி ஓட்டும் மின் ஸ்கூட்டரில் ஒரு பையன் அம்மாவுக்குப் பின்னால் வருவதை நான் பார்த்தேன். அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. தேங்கியிருந்த தண்ணீரை மிதிக்காமலிருக்க அவர் இடப்பக்கம் ஓர் அடி விலகினார். அவனும் அந்தப் பக்கமாகத்தான் முந்த நினைத்திருந்தான்.

வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் பிளாஸ்டர் போட்டிருக்க வேண்டும் என்றார்கள்.

அந்தப் பையன்மீது எனக்குக் கோபமில்லை. ஓட்டோ வரும்வரை அம்மாவின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். பதின்மூன்று வயது. விடுமுறைக்கு வந்த மாமா கொடுத்த பரிசாம். வீட்டில் எல்லோருக்கும் அது விளையாட்டுப் பொருள். மணிக்கு 25 கிலோமீற்றர் ஓடுகிற விளையாட்டுப் பொருள்! அம்மா ஒரு விநாடியில் ஒரு மீற்றர் நடந்தாலே பெரிது. அந்த வண்டி அதே விநாடியில் ஏழு மீற்றர் வந்துவிடுகிறது. பெற்றோல் வண்டியென்றால் ஒலியே முன்னால் வந்து எச்சரித்துவிடும்.

கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி அம்மா மறுபடி நடக்கத் தொடங்கியிருக்கிறார். பத்தடிக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்க்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாநகர சபைக்கு ஒரு கடிதம் எழுத இருக்கிறேன். அதில் என் அம்மாவின் கதை மட்டும் இருந்தால் போதாது. உங்களுடையதையும் சொல்லுங்கள்.

கல்லடி

அக்கா, அம்மா விரைவில் குணமாகட்டும். எனக்கு நடந்தது பழைய கல்லடிப் பாலத்தில். 1924இல் திறந்த பாலம். அது எவ்வளவு ஒடுக்கமானதென்று நம் ஊராருக்குச் சொல்லத் தேவையில்லை. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்த பிறகு, மாலையில் நின்று வாவியைப் பார்க்கிறவர்களுக்குப் பழைய பாலம்தான் இடம்.

பூரணை இரவு. சித்தப்பாவின் மகளுக்குப் பாடும் மீனின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும் என்று சொன்னதும், இங்கிருந்தே கேட்குமா பார்ப்போம் என்று பிள்ளை கம்பியோரம் குனிந்தாள். நாங்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றோம். அவ்வளவு அமைதியிலும், விளக்கில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்த இரண்டு ஸ்கூட்டர்கள் என் முழங்கையை உரசிக்கொண்டு போன பிறகுதான் தெரிந்தன. பிள்ளை ஓர் அடி பின்னால் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நெஞ்சு பதறுகிறது.

காத்தான்குடி

சகோதரி, நான் மறுபக்கத்து ஆள். நான் ஓட்டுவது உட்கார்ந்து ஓட்டும் மின் ஸ்கூட்டர். இலக்கத் தகடும் சாரதி அனுமதிப்பத்திரமும் இருக்கின்றன. ஏன் வாங்கினேன் என்பதை எல்லோரும் அறிவீர்கள். 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருளைப் பங்கிட்டு வாங்கும் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். வாப்பாவை மருந்துக்குக் கூட்டிப்போவதா, வேலைக்குப் போவதா என்று கணக்குப் பார்த்த நாட்கள் அவை. வரிசையில் இரவு முழுக்கத் தூங்கியவனுக்குத்தான் வீட்டுச் சுவரில் சார்ஜ் ஏற்றும் வண்டியின் அருமை தெரியும். ஆகவே இந்த வண்டிகளை ஒட்டுமொத்தமாக வெறுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆனாலும் நானும் பிழை செய்திருக்கிறேன். நகரத்துக்குள் பஸ் நெருக்கும்போது நடைபாதையில் ஏறிவிடுவேன். ஒருநாள் அப்படி ஏறியபோது, வெள்ளைப் பிரம்புடன் லொத்தர் சீட்டு விற்கும் ஓர் ஐயா எதிரே வந்தார். நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை, அங்கே ஒரு வண்டி இருப்பதே அவருக்குத் தெரியாது. பிரம்பு என் முன்சில்லில் பட்டதும், “யார் தம்பி, சைக்கிளா?” என்று கேட்டார். மோட்டார் வண்டி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. “ஓம் ஐயா” என்று பொய் சொன்னேன். அன்றிலிருந்து நடைபாதையில் ஏறுவதில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறேன்.

பாரிஸ் (சொந்த ஊர் வாழைச்சேனை)

இங்கே நடைபாதையில் மின் ஸ்கூட்டர் ஓட்டினால் 135 யூரோ தண்டம். தண்டம் இருந்தும், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மரக்கறி வாங்கப் போகிற நம் அம்மாக்கள் சுவரோடு ஒட்டி நடந்த காலம் உண்டு. நகரம் முழுக்க ஏறக்குறைய 15,000 வாடகை ஸ்கூட்டர்கள். ஓட்டியவர்கள் நினைத்த இடத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு தடவை பிள்ளைவண்டியோடு போன என் மனைவி, குறுக்கே கிடந்த மூன்றைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

2023 ஏப்ரல் 2ஆம் திகதி, வாடகை ஸ்கூட்டர்கள் வேண்டுமா என்று மக்களிடம் வாக்கெடுத்தார்கள். வந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. வந்தவர்களில் நூற்றுக்கு 89 பேர் வேண்டாம் என்றார்கள். செப்டெம்பரில் வாடகை வண்டிகள் போய்விட்டன. சொந்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் வருகிறவர்களில் பாதிப்பேர் இன்னும் நடைபாதையில்தான் வருகிறார்கள் என்பது என் கண்ணில் பட்டது. சட்டத்தை எழுதுவதோடு உங்கள் கடிதம் நின்றுவிடக்கூடாது, தங்கச்சி.

கல்முனை

நான் தாதி. ஓட்டுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வண்டிகளின் சில்லு மிகச் சிறியது. வடிகால் மூடிகளுக்கு இடையிலுள்ள வெடிப்பில் அது மாட்டினால் வண்டி நிற்கும், நின்றுகொண்டிருப்பவர் முன்னால் பறப்பார். கையை ஊன்றுவார்கள், அல்லது தாடை அடிபடும். நம் நடைபாதைகளில் வெடிப்பில்லாத பத்து மூடிகளை அடுத்தடுத்து எங்கே காண்பது? வேகம் மணிக்கு 15 கிலோமீற்றரிலிருந்து 25 ஆனால் மோதும் ஆற்றல் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. தலைக்கவசம் இல்லாமல் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

புளியந்தீவு

எல்லோருக்கும் நன்றி. காத்தான்குடிச் சகோதரர் எழுதியதைப் படித்த பிறகு என் கடிதத்தில் ஒரு பந்தியை அடித்துவிட்டேன். தடை செய்யுங்கள் என்று எழுதியிருந்தேன். இப்போது கேட்பது இதுதான்: பூங்கா வாசலில் இறங்கி வண்டியை உருட்டிக்கொண்டு போகட்டும், இரவில் விளக்கில்லாமல் பாலத்தில் ஏற வேண்டாம், உடைந்த வடிகால் மூடிகளை மாற்றுங்கள், ஏனென்றால் அவற்றில் விழுவது நடக்கிறவர்களும்தான்.

அந்தப் பையன் நேற்றுத் தகப்பனாரோடு வீட்டுக்கு வந்தான். நானும் கையெழுத்து வைக்கலாமா என்று கேட்டான். வைக்கச் சொன்னேன்.

வருகிற ஞாயிறு மாலை ஐந்தரைக்குக் காந்தி சிலையருகே கடிதத்தோடு இருப்பேன். அம்மாவும் வருவார், இடது கையால் பெயர் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார்.