குறுந்தொகை உரைநூல் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். அப்பா வைத்திருந்த குறுந்தொகை பாதிக்கு மேல் செல்லரித்துவிட்டது. மிஞ்சிய பக்கங்களில் நாற்பதாம் பாட்டு இருக்கிறது: 'செம்புலப் பெயல்நீர் போல'. செம்மண்ணில் விழுந்த மழையை மண்ணிலிருந்து பிரிக்க முடியுமா? அப்படிக் கலந்தனவாம் இரண்டு நெஞ்சங்கள். பாடியவரின் இயற்பெயர் தெரியாமல், அந்த உவமையை வைத்தே செம்புலப்பெயனீரார் என்று அழைத்துவிட்டார்கள்! மழைக்காலத்தில் எங்கள் வாசலில் செந்நீர் ஓடும்போதெல்லாம் எனக்கு அந்த வரிதான்.

மகளுக்கும் சொல்லிக்கொடுக்க ஆசை. பர்மியப் பள்ளியில் படிக்கிற பிள்ளை, தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். பதவுரையோடு முழு நூல், உ.வே.சா. 1937இல் வெளியிட்டதன் மறு அச்சானாலும் சரி, ரங்கூனிலோ மோல்மேனிலோ யாரிடமாவது இருக்கிறதா? நகலெடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். அப்புறம், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பொருள் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருந்தாலும் தெரியப்படுத்துங்கள்.