தோணி வீடு குழு: அக்கா கடலுக்குப் போகிறாள்

*12 செப்டம்பர், வெள்ளி*

அக்கா: எல்லோருக்கும் ஒரு செய்தி. அக்டோபர் 4, சனிக்கிழமை நான் குரோஷியா போகிறேன். ஸ்பிளிட் என்ற ஊரிலிருந்து ஒரு வாரம் பாய்மரப் படகு. என் படகில் 7 பேர், அதில் படகை நடத்தும் ஸ்கிப்பர் தவிர, என்னையும் சேர்த்து மற்ற 6 பேருக்கும் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புகளின் உறை பழுதாகும் நோய்). இதுபோல நான்கு படகுகள் சேர்ந்து போகும். வீட்டுக்காரருக்கு லீவு இல்லை, நான் மட்டும்தான்.

அம்மா: (குரல் செய்தி, 1:52)

அம்மா: கேட்டாயா

அக்கா: இரண்டு முறை கேட்டேன் அம்மா.

நான்: குழுவில் போட்டிருக்கிறாய் அம்மா. நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

அத்தை: ஏளா, தரையிலேயே கம்பு ஊன்றித்தான் நடக்கிறாய். ஆடுகிற படகில் எப்படி நடப்பாய்?

அக்கா: அத்தை, படகில் எல்லோருமே எதையாவது பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள், ஓட்டப்பந்தயக்காரனாக இருந்தாலும். எனக்கு அதில் ஆறு வருடப் பழக்கம்.

சித்தப்பா: எத்தனை அடி? எத்தனை பாய்? படகை நடத்தும் தண்டல் யார்?

அக்கா: 45 அடி, 2 பாய். தண்டலுக்குச் சான்றிதழ் இருக்கிறது சித்தப்பா, கேட்டுவிட்டேன்.

சித்தப்பா: நோயாளிகளைக் கடலுக்குக் கூட்டிப் போகும் யோசனை யாருடையது?

அக்கா: டென்மார்க்கில் ஒரு மருத்துவர், மிக்கேல் ஆந்தோனிசன். 2014 ஜூனில் கோபன்ஹேகனிலிருந்து 'ஓஷன்ஸ் ஆஃப் ஹோப்' என்று 67 அடிப் படகு புறப்பட்டது. எம்.எஸ். உள்ளவர்கள் முறைவைத்து ஏறி இறங்கி உலகத்தையே சுற்றிவிட்டு 2015 கடைசியில் திரும்பினார்கள். சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவில்லை, பாய் இழுத்தார்கள், இரவுக் காவல் பார்த்தார்கள். அதன் வழியில் வந்த ஒரு வாரப் பயணங்களில் ஒன்றுதான் இது.

நான்: இங்கிலாந்திலேயே வீல்சேர் ஏறுகிற கப்பல் ஒன்று இருப்பதாகச் சொன்னாயே?

அக்கா: டெனேசியஸ். 2000இல் கடலில் இறக்கிய, மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பல். தளத்துக்குத் தளம் லிஃப்ட், கண் தெரியாதவர்களுக்குப் பேசும் திசைகாட்டி. ஆளை வீல்சேரோடு கயிறு கட்டிப் பாய்மரத்தின் மேலேயே ஏற்றுவார்கள். அதை நடத்திய அறக்கட்டளை 2023இல் பணமில்லாமல் மூடிவிட்டது. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிப்போட்டு நான் கோட்டைவிட்டேன். அதனால்தான் இந்த முறை யாரிடமும் கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டேன்.

அம்மா: வெயில்? திருச்செந்தூர் வரிசையில் நின்றபோது கண் மங்கிப்போச்சு என்று உட்கார்ந்தாயே. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அக்கா: அது மே மாதம் அம்மா. உடம்பில் சூடு ஏறினால் பழுதான நரம்பில் தகவல் போவது தடுமாறும், குளிர்ந்ததும் பழையபடி ஆகிவிடும். 1890இலேயே உதாஃப் என்ற கண் மருத்துவர் எழுதிவைத்த விஷயம். நீங்கள் எல்லோரும் சேர்ந்து எனக்கு ரத்தமில்லை என்று முருங்கைக்கீரை கொடுத்தீர்கள்.

அத்தை: கீரை நல்லதுதானே

அக்கா: நல்லதுதான் அத்தை. அக்டோபரில் அங்கே வெயில் தணிந்திருக்கும். குளிர்ச்சி தரும் மேல்சட்டையும் எடுத்துக்கொள்கிறேன்.

*28 செப்டம்பர், ஞாயிறு*

அக்கா: பயணக் காப்பீடு ஒருவழியாகக் கிடைத்தது. முதலில் கேட்ட இடத்தில் கடைசியாக எப்போது விழுந்தீர்கள் என்றார்கள். நேற்று, பூனையைத் தாண்டும்போது என்றேன். டிக்கெட் விலையைவிட அதிகமாகக் கேட்டார்கள். வேறு இடம் பார்த்தேன்.

நான்: ஊசி மருந்து?

அக்கா: 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். படகின் ஃபிரிட்ஜ் பேட்டரியில் ஓடுவது, நம்ப முடியாது. தனிப் பை வாங்கிவிட்டேன். விமானத்துக்கு மருத்துவர் கடிதமும் இருக்கிறது.

அம்மா: போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டுவிடாதே. தம்பிக்குப் பெண் பார்க்கிற நேரம். குடும்ப நோயா என்று கேட்பார்கள்.

அக்கா: இது ஒட்டுகிற நோய் இல்லை. அப்பா, அம்மாவிடமிருந்து நேராக இறங்குகிற நோயும் இல்லை.

அம்மா: எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியுமா?

நான்: அம்மா, அவர்கள் என் சம்பளத்தையே இன்னும் நம்பவில்லை. இதற்கு வர நாளாகும்.

அம்மா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

*6 அக்டோபர், திங்கள்*

அக்கா: உயிரோடு இருக்கிறேன். இங்கே படகின் பின்பக்கத்தைத் துறைமேடைக்குக் காட்டிக் கட்டுகிறார்கள். இறங்குவதற்கு ஒரு பலகை, ஒரு முழ அகலம் இருக்கும். அது ஆடும், கீழே தண்ணீர். என் இடது பாதம் தூக்காது இல்லையா, பலகை விளிம்பில் செருப்பு இடறியது. கரையில் ஒருவர் கை நீட்ட, பின்னால் ஒரு பெண் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பார்வை இரட்டையாகத் தெரியுமாம். "இரண்டு பேரில் எந்த ஆளைப் பிடிப்பது என்று தெரியவில்லை, வலது பக்கத்தாளைப் பிடித்தேன்" என்றார். அப்படியே பலகையில் உட்கார்ந்து சிரித்தோம்.

அத்தை: அய்யோ

சித்தப்பா: அணியத்தை, அதான் முன்பக்கத்தை, கரைக்குக் காட்டிக் கட்டச் சொல்.

அக்கா: கழிப்பறையில் கையால் பம்ப் அடிக்க வேண்டும், கதவு முழங்கை அகலம். ஆனால் அவசரம் என்று ஒருவர் எழுந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை, வழிவிடுகிறார்கள். மதியம் இரண்டு மணிக்கு ஒருத்தர் பேச்சை நடுவிலேயே நிறுத்திவிட்டுக் கீழே போய்ப் படுத்துவிட்டார். நம் வீட்டில் நான் அப்படிப் படுத்தால் மூன்று பேர் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பீர்கள்.

அம்மா: தொடத்தான் செய்வோம்

*8 அக்டோபர், புதன்*

அக்கா: விஸ் தீவில் இருக்கிறோம். யூகோஸ்லாவிய ராணுவத் தளமாக இருந்ததால் 1989 வரை வெளிநாட்டார் கால்வைக்க முடியாத தீவாம். வரும் வழியில் ஒரு மணி நேரம் சுக்கான் என் கையில். உட்கார்ந்தபடியே பிடித்தேன்.

சித்தப்பா: என்ன காற்று?

அக்கா: வடமேற்கு. பிற்பகலில் எழும்பும், மாயிஸ்ட்ரால் என்கிறார்கள். வடகிழக்கிலிருந்து பூரா என்று ஒன்று வருமாம், மலையிலிருந்து திடீரென்று குளிராக இறங்கும். அதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள்.

சித்தப்பா: நம் வாடைக்கு அண்ணன் போல. உன் தாத்தா தோணியில் மாலத்தீவு போனபோது இந்தப் பலகை, ஃபிரிட்ஜ் ஒன்றும் கிடையாது.

நான்: தாத்தாவுக்குக் கழிப்பறையும் கிடையாது.

அக்கா: (படம்)

அக்கா: எங்கள் படகுக்காரர்கள். அம்மா, பயப்படாதே, ஸ்டேட்டஸில் போடவில்லை.

அம்மா: சட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

அக்கா: நோயின் பெயர்தான்.

அம்மா: எல்லோருமா போட்டிருக்கிறார்கள்? பார்த்தால் ஒருவருக்கும் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கிறது. அந்த மஞ்சள் தொப்பிக்காரர்தான் பாவம், ரொம்ப வாடிப்போயிருக்கிறார். அவருக்கு முற்றிவிட்டதோ?

அக்கா: அவர்தான் ஸ்கிப்பர். அவருக்கு மட்டும்தான் ஒன்றும் இல்லை.

சித்தப்பா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடதுபக்கக் கயிறு தளர்ந்து கிடக்கிறது. அந்த ஆளிடம் சொல்.