இணுவில் வீட்டார் குழுவில் மிட்சுபிஷி லான்சர் ஈவோ காரைப் பற்றி

நிரோசன்: கீதன் அண்ணை, வேலையிலோ? 2021 இல் மிட்சுபிஷி தன் கார்ப் பந்தயப் பிரிவான ரலியார்ட்டின் பெயரைத் திரும்பக் கொண்டு வருகிறது என்று கேள்விப்பட்டு எவ்வளவு சந்தோசப்பட்டோம், ஞாபகம் இருக்கா? இன்று ஆறுதலாக இருந்து அந்தப் பெயரில் வந்த வாகனங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிக்கப், எஸ்யூவி. கறுப்புக் கூரை, பக்கத்தில் ஸ்டிக்கர், சில்லுக்குப் பின்னால் சிவப்பு மட்பிளாப். எஞ்சினில் கை வைக்கவே இல்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

கீதன் (ரொறன்ரோ): பார்த்தேன் தம்பி. எக்லிப்ஸ் என்ற பெயரை எஸ்யூவிக்கு வைத்தார்களே, அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. 1989 இல் இருந்து 2011 வரைக்கும் அது இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். நாங்கள் இங்கே பள்ளிக்கூடம் போன காலத்தில் ரோட்டில் ஒன்றைக் கண்டால் அது முடக்கில் மறையுமட்டும் நின்று பார்ப்போம். 2017 இல் எக்லிப்ஸ் குரொஸ் என்று ஒன்றை விட்டார்கள். புதுப் பெயர் ஒன்று வைத்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

சின்னம்மா: பிள்ளைகள், எங்கள் வீட்டில் நிற்கிற லான்சரும் அந்தக் கொம்பனிதானே? அது இவ்வளவு காலமும் ஒரு கரைச்சலும் தரவில்லையே. இப்ப அதுக்கு என்ன?

நிரோசன்: எங்கள் காருக்கு ஒன்றும் இல்லை சின்னம்மா. ஆனால் கதை அதிலிருந்துதான் தொடங்குகிறது. வீட்டில் நிற்பது சீகே ரக லான்சர், 1500 சீசீ, நல்லூருக்கும் மருதனார்மடம் சந்தைக்கும் ஓடுகிற சாதாரணக் கார். அதே உடம்புக்குள் 2 லீற்றர் 4ஜி63 டர்போ எஞ்சினை வைத்து, நான்கு சில்லுக்கும் இழுவை கொடுத்து, 280 குதிரைவலுவோடு விட்டார்கள், அதுதான் லான்சர் எவொலூஷன், சுருக்கமாக ஈவோ, அதன் 4, 5, 6 ஆவது பதிப்புகள். கதவும் கூரையும் எங்கள் காரில் இருப்பதுதான். அந்தக் காலத்து உலக ரலி கார்ப் பந்தயத்தில் குரூப் ஏ என்று ஒரு பிரிவு இருந்தது, அதில் ஓட வேண்டுமென்றால் அந்தக் காரை 2500 எண்ணிக்கையிலாவது செய்து சனத்துக்கு விற்க வேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் 1992 இல் முதலாவது ஈவோ வந்தது. அதாவது றேஸில் ஓடுகிற காரைக் கடையில் போய் வாங்கலாம். சின்ன வயதில் நான் எங்கள் சீகேயைக் கழுவும்போது இதன் தம்பிதான் உலகத்தை வெல்லுகிறான் என்று நினைத்துக்கொண்டுதான் கழுவுவேன்.

பெரியப்பா: 1992 என்றால் இங்கே பொருளாதாரத் தடை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின காலம். காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடு ஏறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். புகை கண்ணைக் கரிக்கும், ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். யப்பானில் இப்படி ஒரு கார் வந்தது எங்களுக்குக் கன வருசத்துக்குப் பிறகுதான் தெரியும்.

கீதன் (ரொறன்ரோ): பெரியப்பா, அந்தப் பத்து வருசமும் மிட்சுபிஷியின் பொற்காலம். பின்லாந்துக்காரன் ரொமி மக்கினன் 1996, 97, 98, 99 என்று தொடர்ந்து நான்கு தரம் உலகச் சம்பியன், நான்கும் லான்சரில்தான். 98 இல் நடந்ததைக் கேளுங்கோ. கடைசிப் போட்டி பிரித்தானியாவில். முதல் நாளே ரோட்டில் சிந்திக்கிடந்த எண்ணெயில் வழுக்கி, கொங்கிறீற் கட்டையில் அடித்து, பின் சில்லு போய்விட்டது. மக்கினன் அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார். சம்பியன் பட்டம் ரொயோட்டாவில் ஓடின கார்லோஸ் சைன்ஸுக்குத்தான் என்று எல்லோரும் முடிவு கட்டியாகிவிட்டது. கடைசிக் கட்டம், முடிவுக் கோட்டுக்கு இன்னும் சில நூறு மீற்றர்தான், சைன்ஸின் எஞ்சின் போய்விட்டது. கூட இருந்தவர் ஸ்டார்ட் பண்ணு, ஸ்டார்ட் பண்ணு என்று கத்துகிறார், கார் அசையவில்லை. பட்டம் மக்கினனுக்கு. கொம்பனிகளுக்கான பட்டமும் அந்த வருசம் மிட்சுபிஷிக்குத்தான்.

துவாரகன்: அண்ணா அந்த வீடியோவை நான் எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். இப்ப பார்த்தாலும் சைன்ஸுக்காகக் கவலையாக இருக்கும்.

மதி அக்கா (கொழும்பு): சரி, நான் ஒன்று சொல்லுகிறேன், கோபிக்காமல் கேளுங்கோ. நீங்கள் எல்லோரும் ரசிகர்களாகக் கதைக்கிறீர்கள். கணக்குப் பார்க்கிற ஆளாக நான் அந்தக் கொம்பனியின் பக்கம் இருந்து பார்க்கிறேன். 2000 இல் பழுதுகளை மறைத்த விசயம் வெளியில் வந்து பெயர் கெட்டது. 2005 முடிய உலக ரலியை விட்டு வெளியே வந்தார்கள். 2016 இல் சின்னக் கார்களின் பெற்றோல் சிக்கனக் கணக்கைக் கூட்டிக் காட்டினது பிடிபட்டது. அதே வருசம் நிசான் 34 சதவீதப் பங்கை வாங்கினபடியால்தான் மூச்சு வந்தது. அப்படி நிற்கிற ஒருவனிடம் போய் 300 குதிரைவலுவில் கார் செய்து தா என்று கேட்கலாமா? புகை விதியும் வருசத்துக்கு வருசம் இறுகுகிறது. சனம் வாங்குவது எஸ்யூவி. அதைத்தான் செய்வார்கள்.

நிரோசன்: அக்கா, நீங்கள் சொன்னது எல்லாம் சரி, ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. மிட்சுபிஷி என்றால் என்ன என்று உலகத்துக்குக் காட்டினது எது? ஈவோவும் பஜேரோவும். பஜேரோ டக்கார் பாலைவனப் பந்தயத்தை 12 தரம் வென்றது, அதில் 2001 இல் இருந்து 2007 வரை தொடர்ச்சியாக ஏழு. இங்கே மொன்ரெரோ என்று சொல்லி எத்தனை பேர் அதை ஒரு கௌரவமாக வைத்திருந்தார்கள்! 2021 இல் அதையும் நிறுத்தியாயிற்று. சாதாரண லான்சரையே 2017 ஓடு பெரும்பாலான நாடுகளில் நிறுத்திவிட்டார்கள். பணம் இல்லாத கொம்பனி தன்னை ஆட்கள் ஏன் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பதையே விற்றுச் சாப்பிட்டால் பிறகு எதை வைத்து எஸ்யூவி விற்பது? எஸ்யூவி எல்லோரிடமும்தான் இருக்கிறது.

துவாரகன்: ரொயோட்டாவைப் பாருங்கோ மதி அக்கா. 2020 இல் ஜீஆர் யாரிஸ் விட்டார்கள். 1.6 லீற்றர், மூன்றே மூன்று சிலிண்டர், டர்போ, நான்கு சில்லு இழுவை, யப்பானில் 272 குதிரைவலு. பிறகு 304 ஆக்கினார்கள். புகை விதி அவர்களுக்கும் உண்டுதானே?

மதி அக்கா (கொழும்பு): ரொயோட்டாவிடம் இருக்கிற காசு யாரிடம் இருக்கிறது தம்பி? அதை ஒப்பிடாதே.

கீதன் (ரொறன்ரோ): காசு விசயத்தில் மதி சொல்வது சரி. ஆனால் அந்த ரொயோட்டா கதையில் எனக்கு நோகிற இடம் வேறு. ரொயோட்டா 2017 இல் உலக ரலிக்குத் திரும்பி வந்தபோது அந்த அணியை நடத்தினது யார் தெரியுமா? ரொமி மக்கினன். 2018 இல் கொம்பனிகளுக்கான பட்டத்தை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார். ஜீஆர் யாரிஸ் செய்யும்போதும் அவருடைய அனுபவத்தைப் பயன்படுத்தினார்கள். லான்சரில் படித்த படிப்பு ரொயோட்டாவுக்குப் போய்ச் சேர்ந்தது. மிட்சுபிஷி வைத்திருந்த அறிவு அது.

நிரோசன்: 😔

கீதன் (ரொறன்ரோ): சுபாருவும் 2022 இல் அடுத்த டபிள்யூஆர்எக்ஸ் காரில் எஸ்ரிஐ என்ற வேகமான ரகம் பெற்றோலில் வராது என்று சொல்லிவிட்டது. நிசானின் ஜீரிஆர் ஸ்போர்ட்ஸ் கார் 2025 ஓகஸ்ட்டில் முடிந்தது. அதுக்கு நான் கவலைப்பட்டேன், கோபப்படவில்லை. 2007 இல் இருந்து 18 வருசம் அதைத் திருத்தித் திருத்திச் செய்தார்கள், முடிக்கும்போது மரியாதையாக முடித்தார்கள். ஈவோ 10 உம் 2007 இல்தான் வந்தது. பழைய இரும்பு எஞ்சினை விட்டு அலுமினியத்தில் 4பி11, பாரம் கூடிப்போச்சு, முந்தின கூர்மை இல்லை என்று நாங்களே குறை சொன்னோம். அந்தக் குறையைத் திருத்த அவர்களுக்கு மனம் இல்லாமல் போய்விட்டது. 2015 இல் யப்பானுக்கு 1000, அமெரிக்காவுக்கு 1600 என்று பைனல் எடிஷன் விட்டதோடு சரி. அடுத்தது மின்சாரத்தில் வரும், எஸ்யூவியாக வரும் என்று அங்கங்கே கதை அடிபட்டது, ஒன்றும் வரவில்லை.

சின்னம்மா: கீதன், உன்னுடைய காரும் அதுதானே? அந்தச் சாம்பல் நிறம்?

கீதன் (ரொறன்ரோ): ஓம் சித்தி, அது ஈவோ 10 தான், 2011. அதைப் பற்றிச் சொல்லத்தான் இருந்தேன். இந்தக் குளிர் முடிந்து வெளியில் எடுத்தால் டாஷில் எச்சரிக்கை விளக்கு. பின் இரண்டு சில்லுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற ஏவைசீக்கு எண்ணெய் அழுத்தம் கொடுக்கிற பம்ப் போய்விட்டது. அது பின் சில்லுப் பக்கம் கீழே இருக்கிறது, இங்கே பனிக்கு ரோட்டில் கொட்டுகிற உப்பு முழுக்க அதில்தான் தெறிக்கும். இந்தக் காருக்கு எல்லோருக்கும் தெரிந்த வருத்தம் அது. அது வேலை செய்யாவிட்டால் கார் ஓடும், ஆனால் முடக்கில் மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டு திரும்புகிற குணம் இல்லை. பிறகு அது வெறும் வேகமான கார்தான். ஒரு இடத்தில் கேட்டேன், பம்ப் தனியாகக் கிடையாது, முழுத் தொகுதியாகத்தான் வரும், அதுவும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

பெரியப்பா: இதுதான் விசயம். நான் இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டு இருந்தேன். ஒரு கொம்பனி ஒரு காரை நிறுத்துவது புதினம் இல்லை. ஒஸ்ரின் இல்லை, மொறிஸ் இல்லை, ஆனால் ஏ40 ஐ நாங்கள் ஓடவைத்தோம். ஏனென்றால் அதுக்குள் இருக்கிற சாமான் எதுவும் கையால் அளக்கக்கூடியது. புஷ் தேய்ந்தால் கடைச்சல் பட்டறையில் கொடுத்துச் செய்விக்கலாம், காஸ்கெட்டை வெட்டிப் போடலாம். இந்தக் காரில் கம்பியூட்டரும் வால்வும் சென்சரும் சேர்ந்துதான் சில்லுக்குப் பலத்தைப் பிரிக்கிறது. அவ்வளவு நுணுக்கமாகச் செய்து, அதைக் காட்டி விலை வாங்கிவிட்டு, பிறகு சாமான் இல்லை என்று சொன்னால் வாங்கினவன் எங்கே போவான்? புதுசு செய்யாமல் விடட்டும், அது அவர்களின் காசு. விற்றதைப் பார்க்க வேண்டியது அவர்களின் கடமை.

நிரோசன்: பெரியப்பா, நிசான் அதைச் செய்கிறது. பழைய ஸ்கைலைன் ஜீரிஆருக்கு 2017 இல் இருந்து நிஸ்மோ ஹெரிட்டேஜ் என்று சாமான்களைத் திரும்பச் செய்து விற்கிறார்கள். ரொயோட்டா 2020 இல் பழைய சுப்ராவுக்குத் தொடங்கினது. மஸ்டா முதலாவது ரோட்ஸ்டரைச் சொந்தக்காரரிடம் இருந்து எடுத்துத் திருத்தியே கொடுக்கத் தொடங்கினது. மிட்சுபிஷிக்கும் நிசானுக்கும் இவ்வளவு காலம் தொடர்பு இருக்கிறது, ஒரு பம்பும் இரண்டு சீலும் செய்ய வழி இல்லையா? அந்த ஸ்டிக்கர் அடிக்கிற காசில் இதைச் செய்தால் ரலியார்ட் என்ற பெயருக்கு ஒரு அர்த்தம் இருக்கும்.

மதி அக்கா (கொழும்பு): இதில் நான் உங்கள் பக்கம். உதிரிப்பாகம் விற்றால் கொம்பனிக்கும் வருமானம்தான், வாங்க ஆள் காத்துக்கொண்டு நிற்கிறது. புதுக் கார் செய்வது வேறு கணக்கு, இது சின்னக் கணக்கு. இதைச் செய்யாமல் விட்டதற்கு என்னால் நியாயம் சொல்ல முடியவில்லை.

துவாரகன்: ஒன்று மட்டும் சொல்ல வேணும். 2022 இல் ஆசியா குரொஸ் கன்ட்ரி ரலியை ரலியார்ட் அணி ட்ரைட்டன் பிக்கப்பில் வென்றது. டக்காரை இரண்டு தரம் வென்ற மசுவோகாதான் அணியை நடத்தினார். முழுக்கச் செத்துப்போகவில்லை.

நிரோசன்: அது எனக்கும் சந்தோசம்தான்டா. வென்ற அன்றைக்கு நான் ஸ்டேட்டஸும் போட்டேன். ஆனால் அந்த வெற்றியில் இருந்து கடையில் வாங்கக்கூடியதாக என்ன வந்தது? அதைத்தான் கேட்கிறேன். தியத்தலாவ பொக்ஸ்ஹில் பந்தயத்தில் மண் பறக்க ஈவோ வந்தால் சனம் எழும்பி நிற்கும். அதை வைத்திருக்கிறவர்கள் தங்கள் கைக்காசில் காப்பாற்றுகிற கார்கள் அவை. 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்தும் எங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை, பழைய காருக்கு வயது எல்லை, புதுசு செய்ய ஆளில்லை. இருக்கிறதுதான் இருக்கிறது.

சின்னம்மா: அப்ப எங்கள் லான்சரை விற்கிற கதையை இனி ஒருவரும் எடுக்க வேண்டாம்.

நிரோசன்: ஒருக்காலும் இல்லை சின்னம்மா.

கீதன் (ரொறன்ரோ): பெரியப்பா, இங்கே ஒருவர் பம்பைக் கழற்றி மோட்டரையும் சீலையும் மாற்றிப் பழையபடி பூட்டித் தருவதாகச் சொல்லுகிறார். முழுத் தொகுதியின் விலையில் ஒரு பங்குதான் வரும். நம்பிக் கொடுக்கலாமா?

பெரியப்பா: கொடுக்க முதல் கழற்றின பம்பை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. உடம்பில் கறள் உள்ளே இறங்கியிருந்தால் சீல் மாற்றியும் நில்லாது, திரும்பவும் கசியும். வெளிக்கறள் மட்டும் என்றால் செய்யலாம். போடுகிற சீல் எந்த எண்ணெய்க்கு உகந்தது என்று அந்த ஆளிடம் கேட்டு எழுது. பிறகு கீழ்ப்பக்கத்துக்கு ஒரு மறைப்புத் தகடு அடிப்பிக்க வேணும், அளவை நான் சொல்லுகிறேன்.

கீதன் (ரொறன்ரோ): சனிக்கிழமை கழற்றுகிறேன். படம் இதிலேயே போடுகிறேன்.