போர் தண்ணீரில் அழுகிய முட்டை வாடை: ஆர்ஓ போட்டால் போகுமா?

சீர்காழி பக்கம் கடலோரக் கிராமம். நாலு மாதம் முன்பு 180 அடியில் போர் போட்டோம். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, குழாயைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை. அம்மாவின் வெள்ளிக் கொலுசு கறுத்துவிட்டது. குடிப்பதும் இதே தண்ணீர். ஆர்ஓ போடச் சொல்கிறார்கள். கைக்குழந்தை இருக்கிற வீடு, பயமாக இருக்கிறது.

பதில் 1:
பச்சைத் தண்ணீரிலும் வருகிறதா, கீசர் தண்ணீரில் மட்டுமா? கீசரில் மட்டும் என்றால் உள்ளே இருக்கும் மெக்னீசியக் கம்பி காரணமாக இருக்கலாம்.

கேட்டவர்:
பச்சைத் தண்ணீரிலேயே வருகிறது அண்ணா. காலையில் முதலில் மோட்டார் போடும்போது அதிகம். குடத்தில் பிடித்துத் திறந்து வைத்தால் மதியத்துக்குள் பாதி குறைந்துவிடுகிறது.

பதில் 2:
அப்படியென்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுதான். காற்றுப் படாத ஆழத்தில் பாக்டீரியா சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றிவிடும். ஆர்ஓவுக்கு அவசரப்படாதீர்கள். அது சல்ஃபேட்டைத் தடுக்கும், இந்த வாயு ஆர்ஓவின் வடிகட்டும் சவ்வைத் தாண்டி வந்துவிடும். கந்தகம் படிந்து சவ்வும் அடைத்துக்கொள்ளும்.

முதலில் பரிசோதனை. ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி சல்ஃபைடு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தாண்டக் கூடாது. ஆய்வகத்தில் முன்பே சொல்லி, துத்தநாக அசிட்டேட் போட்ட பாட்டில் வாங்கிப் பிடியுங்கள். சும்மா பாட்டிலில் கொண்டுபோனால் வழியிலேயே வாயு பறந்துவிடும், தண்ணீர் நல்லது என்று ரிசல்ட் வரும். பலர் ஏமாறுவது இங்கேதான். கழிவு கலந்திருக்கிறதா என்று காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியாவும் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைக்கு அதுவரை வேறு தண்ணீர் கொடுங்கள்.

அப்புறம் பாக்டீரியா சாக, போரில் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி ஒரு ராத்திரி விட்டு, குளோரின் வாடை போகும்வரை இறைத்துக் கொட்டுங்கள்.

கேட்டவர் (ஒரு மாதம் கழித்து):
ரிசல்ட்டில் சல்ஃபைடு 1 மில்லிகிராம், கோலிஃபார்ம் இல்லை. பிளீச்சிங் செய்தோம், மூன்றே வாரத்தில் வாடை திரும்பிவிட்டது.

பதில் 2:
சரி, வாடை நிலத்தடியிலிருந்தே வருகிறது. டேங்கில் விழும் குழாய் முனையில் ஷவர் மாட்டி, தண்ணீர் சிதறி விழும்படி செய்யுங்கள். மூடியில் வலை போட்ட காற்றுத் துளை வேண்டும். இதிலேயே பெரும்பகுதி போய்விடும். மிச்சத்துக்குக் குளோரின். 1 மில்லிகிராம் சல்ஃபைடுக்கு 2 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். காற்றில் எதுவுமே போகாவிட்டாலும் 1000 லிட்டருக்கு 30 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் சுமார் 7 கிராம்தான். கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்து மீதிக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் லேசாகப் பால் மாதிரி கலங்கினால் அது கந்தகத் தூள். மணல் வடிகட்டி, அடுத்து கார்பன் வடிகட்டி வையுங்கள்.

மூடியே கிடக்கும் சம்ப்புக்குள் மட்டும் யாரையும் இறக்காதீர்கள். இந்த வாயு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும், ஆள் மயங்கி விழுந்துவிடுவார்.