1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் 931 ஜிபி மட்டுமே தெரிவது ஏன்?

கேள்வி (காட்பாடி):
வேலூர்க் கோட்டையிலுள்ள ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபச் சிற்பங்களைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். அவற்றைச் சேமிப்பதற்கென்று நேற்று வாங்கிய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில், ஒரு கோப்பையும் இடுவதற்கு முன்பே, விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டுகிறது. கடையில் வேறு டிஸ்க்கைக் கொடுத்துவிட்டார்களோ என்று கவலையாக இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில் (ஆற்காடு):
வேண்டியதில்லை ஐயா. தயாரிப்பாளர்கள் நூறு கோடி பைட்டை ஒரு ஜிபி என்று கணக்கிடுகிறார்கள்; விண்டோஸோ 1,024-ஐ மும்முறை பெருக்கினால் வரும் 1,07,37,41,824 பைட்டை ஒரு ஜிபியாகக் கொள்கிறது. ஒரு டிபி என்பது ஒரு லட்சம் கோடி பைட். அதை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள், 931 வரும். நெல் குறையவில்லை, அளக்கும் படிதான் பெரிது. டிஸ்க்கின் பண்புகளைத் திறந்தால் பைட் எண்ணிக்கை முழுமையாகத் தெரியும்.

பதில் (ராணிப்பேட்டை):
இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் 1,024-இன் அடுக்குகளுக்குத் தனிப்பெயர்களை வகுத்தது. விண்டோஸ் அவற்றை இன்னும் ஏற்காதது என் பார்வையில் பெரிய குறை. ஆப்பிள் 2009 முதல் மேக் கணினிகளில் பத்தின் அடுக்கிலேயே காட்டுகிறது.

கேட்டவர்:
பண்புகளில் பார்த்தேன், ஒரு லட்சம் கோடிக்குச் சற்று அதிகமாகவே பைட்டுகள் இருக்கின்றன. இருவருக்கும் மிக்க நன்றி.