ஐந்து வாரக் குழந்தைக்குக் கண்புரை அறுவை சிகிச்சை: காத்திருக்கலாமா?

கேள்வி:
என் தங்கையின் ஐந்து வார ஆண் குழந்தைக்கு இடது கண் பாப்பா வெண்மையாகத் தெரிந்தது. பிறவிக் கண்புரை என்றும் உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். பச்சிளம் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதா, ஒரு வயது ஆகட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். மேலும், புரையை அகற்றினாலும் இப்போது உள்ளே லென்ஸ் வைக்கப்போவதில்லை என்கிறார்கள். ஏன்?

மறுமொழி (கண் மருத்துவர்):
தயவுசெய்து காத்திருக்காதீர்கள். முதியவரின் புரையைச் சில மாதங்கள் தள்ளிப்போட்டாலும் பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் குழந்தையின் மூளை பார்க்கக் கற்றுக்கொள்வதே இந்த முதல் மாதங்களில்தான் என்பதால், தெளிவான பிம்பத்தை அனுப்பாத கண்ணை அது ஒதுக்கத் தொடங்கிவிடுகிறது. காலம் தாழ்த்திப் புரையை எடுத்தால் கண் தெளிவாக இருக்கும், பார்வை இராது. ஒரு கண்ணில் மட்டும் அடர்த்தியான புரை இருந்தால், 4 முதல் 6 வாரத்துக்குள் செய்வதே நல்லது. மயக்க மருந்து பற்றிய அச்சம் நியாயமானதே. ஆகவே, பச்சிளம் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவர் இருக்கும் இடத்தில் மட்டும் செய்துகொள்ளுங்கள்.

இப்போது உள்ளே லென்ஸ் வைக்காததற்குக் காரணம் கண்ணின் வளர்ச்சிதான்: பிறக்கும்போது ஏறத்தாழ 17 மி.மீ. நீளமுள்ள கண், வளர்ந்தபின் 23 மி.மீ. அளவை எட்டுவதால், இன்று பொருத்தும் லென்ஸின் பவர் விரைவிலேயே பொருந்தாமல் போகும். ஒரு கண்ணில் புரையுடன் பிறந்த 114 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், உள்ளே லென்ஸ் வைத்தவர்களுக்கும் காண்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்களுக்கும் நாலரை வயதில் பார்வை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மறு அறுவை சிகிச்சைதான் முதல் பிரிவினருக்கு அதிகம் தேவைப்பட்டது. ஆகவே இப்போதைக்குக் காண்டாக்ட் லென்ஸ் அணிவித்து, வளர்ந்தபின் உள்ளே லென்ஸ் வைத்துக்கொள்ளலாம்.

மறுமொழி (ஒரு தாய்):
என் மகளுக்கும் இதே நிலைதான். அறுவை சிகிச்சையைவிட, அதன்பின் மூளை அந்தக் கண்ணால் பார்க்கப் பழகுவதற்காக நல்ல கண்ணை மூடிவைப்பதுதான் கடினம். முதலில் வயது எத்தனை மாதமோ தினமும் அத்தனை மணி நேரமும், எட்டு மாதத்துக்குப் பின் விழித்திருக்கும் நேரத்தில் பாதியும் மூடச் சொன்னார்கள். குழந்தை அழும், பிய்த்தெறியும். பார்ப்பவர்கள் உங்களைக் கடிந்துகொள்வார்கள். தங்கை ஒருவராலேயே இதைச் சமாளிக்க முடியாது. யார் எப்போது பார்த்துக்கொள்வது என்பதை வீட்டார் இப்போதே பேசி முடிவுசெய்யுங்கள்.

மறுமொழி (கண் மருத்துவர்):
அவர் சொல்வது முற்றிலும் சரி. இன்னொன்றும் உண்டு: இக்குழந்தைகளுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் கண் அழுத்த நோய் வரக்கூடும் என்பதால், பார்வை நன்றாக இருந்தாலும் வாழ்நாள் முழுவதும் அழுத்தப் பரிசோதனை தேவை. செலவு பற்றிக் கவலையிருந்தால், 2013இல் தொடங்கிய மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. என்னும் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறவிக் கண்புரையும் சேர்க்கப்பட்டுள்ளது. அரசு மருத்துவமனையில் இன்றே விசாரியுங்கள்.